காதுக்குப் புதுசு

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமானதை ஏலக்காய்தான் முதலில் காட்டிக்கொடுத்தது.

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. பறித்த காயைத் தோட்டத்து ஸ்டோரில் சூடு காட்டி உலர்த்தி, சாக்கில் கட்டி, போடிக்குக் கொண்டுவந்து விற்பது வழக்கம். காய் பதமாகக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க இப்போது கருவியெல்லாம் வந்துவிட்டது. இவர் அதை நம்ப மாட்டார். ஒரு கை காயை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை தோலை விட்டுப் பிரிந்து சலசலத்தால் காய் தயார். சத்தம் வராவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான் பார்க்கிறேன். குலுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் யாராவது பேசினால் கையை உயர்த்தி அடக்குவார்.

முந்தின வருஷம் ஐப்பசியில் அடுத்தடுத்துக் காய் கெட்டது. அழுகிப்போகவில்லை, அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. பச்சை போய்ப் பழுப்பேறி, பாதிக் காய் வாய் பிளந்து கிடந்தது. மாதிரிக் காயைத் தட்டில் கொட்டியதும் ஒரு வியாபாரி, "என்னண்ணே, வறுத்துக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து இவர் விறகைத் திட்டினார், அடுப்பு பார்க்கிறவரைத் திட்டினார், ஐப்பசி மழையையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த முறை நானும் ஸ்டோரில் நின்றேன். காயைக் குலுக்கிக் காதில் வைத்தவர், "இன்னும் ஈரந்தான், சூடு போடு" என்றார். எட்டி நின்ற எனக்கே சலசலவென்று கேட்டது. நான் ஒரு கை அள்ளி அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன்.

"ஈரம்" என்றார்.

"எனக்கு நல்லாக் கேக்குதுங்க" என்றேன்.

என் கையிலிருந்த காயைப் பார்த்தார். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்ச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார். அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது.

காது மந்தமானால் எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆனால் இவருக்கு அது வேறு மாதிரிக் கஷ்டம். இவர் பாட்டுப் பைத்தியம். எங்கள் இருவருக்கும் அரசியலில் ஒத்துப்போகாது, குழம்பில் உப்பு ஒத்துப்போகாது, மகளுக்கு எந்த ஊரில் வீடு வாங்க வேண்டும் என்பதில் இன்றுவரை சண்டை. பாட்டில் மட்டும் ஒரே கட்சி. நாங்கள் சின்ன வயதில் கேட்ட பழைய சினிமாப் பாட்டுகள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சத்தம் என்று இருவரும் சேர்ந்து தீர்ப்பு எழுதி எத்தனையோ காலம் ஆயிற்று. சாயங்காலம் இவர் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து குளித்ததும் காப்பியும் பாட்டும். பாட்டுக்கு நடுவே வருகிற வயலின், குழல் எல்லாவற்றையும் இவர் வாயாலேயே வாசிப்பார். பாடகி பாடுகிற இடம் என்னுடையது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சரி, தப்பு என்ற இரண்டு குறிகளோடு வாழ்ந்து பழகியவள். பழைய பாட்டு சரி, புதுப் பாட்டு தப்பு. அதற்கு மேல் யோசிக்க எனக்கு அவசியம் வந்ததில்லை.

தேனியில் காது பார்க்கிற இடத்தில் ஒரு பெண் இவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தாள். என் மகளைவிடச் சின்னவள். பொறுமையாகச் சொன்னாள். கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும், காய் குலுங்குகிற சத்தம் அந்த வகை, கனமான சத்தங்கள் இன்னும் நன்றாகவே கேட்கின்றன என்றாள். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, இதை நாள் முழுக்கப் போட்டிருக்கணும். கழட்டி வச்சுட்டா, மூளை பேச்சைப் பிரிச்சுக் கேக்குறதை மறந்துரும். அப்புறம் மெஷின் போட்டாலும் பிரயோஜனம் இருக்காது. நெறையப் பேரு பெட்டியில போட்டுடுறாங்க. இவரை நீங்கதான் விடாமப் பாத்துக்கணும்."

அது எனக்கு இட்ட வேலை. எடுத்த வேலையை நான் விடுகிறவள் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இவருக்கு ஒரே கொண்டாட்டம். கம்பி அதிர்கிறது கேட்கிறது, பின் சீட்டுக்காரர் கடலை உரிப்பது கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே, "பாட்டைப் போடு" என்றார். எங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றைத்தான் போட்டேன். முன்னிசை முடிவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. வேறொன்று போடச் சொன்னார். அதுவும் முடியவில்லை.

"என்னங்க?"

"வயலினு தகரத்துல ஆணியை வச்சுக் கீறுற மாதிரி இருக்கு. பாடுறவரு அவரு இல்ல. யாரோ அவரை மாதிரிப் பாடுறான். கேவலமாப் பாடுறான்."

மெஷினைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்த்தார். அதைவிட மோசம். இத்தனை நாளும் கேட்காததையெல்லாம் ஞாபகத்தால் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல காது வைத்துக் கேட்டபின், அந்த நிரப்பலும் போய்விட்டது. மெஷின் போட்டால் பாட்டு கோணலாக இருக்கிறது, போடாவிட்டால் பாட்டே இல்லை. அன்றைக்கு ராத்திரி மெஷின் பெட்டிக்குள் போனது. மறுநாளும் வெளியே வரவில்லை.

நான் தேனிக்குப் போன் பண்ணிச் சண்டை போட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. இந்த மெஷின் பேச்சுக்காகச் செய்தது, சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிப் பெரிய சத்தத்தை அமுக்கும், தெரிந்த பாட்டில் அது உடனே உறுத்தும் என்றாள். கொஞ்சம் சரி செய்யலாம், முழுக்க முடியாது என்றாள். சரி செய்தும் தந்தாள். வயலின் தகரமாகவே இருந்தது.

இப்படியே இரண்டு மூன்று மாதம் போனது. இவர் பேச்சு குறைந்துபோனது. நான் எது கேட்டாலும் "ம்" என்பார். "காப்பி வேணுமா, டீ வேணுமா?" என்றால் "ம்." மகள் போனில் கூப்பிட்டால் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, "இந்தா, அம்மா கிட்டப் பேசு" என்று என்னிடம் தள்ளிவிடுவார். விருந்தாளி வந்தால் எல்லாரும் சிரிக்கும்போது இவரும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தேனிப் பெண் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இப்படியே விட்டால் இந்த மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எங்கோ போய்விடுவார். கெஞ்சினேன், திட்டினேன், மெஷினை எடுத்து நானே மாட்டிவிட்டேன். நான் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அது பெட்டிக்குப் போயிருக்கும்.

"எதைக் கேக்குறதுக்கு அதைப் போடச் சொல்ற?" என்று ஒருநாள் கேட்டார்.

தை மாசக் காய் எடுப்பின்போது ஒரு சம்பவம் நடந்தது. நான் ஓய்வு பெற்றபின் காய் எடுக்கிற நாட்களில் அவரோடு ஜீப்பில் மலைக்குப் போவது உண்டு. எங்கள் தோட்டத்தில் இப்போது காய் எடுக்கிறவர்கள் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்து லயத்து வரிசை வீடுகளில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள். அன்றைக்குப் பனி இறங்கியிருந்தது. கீழ்ச் சரிவிலிருந்து காட்டுமாடு ஒன்று தோட்டத்துக்குள் ஏறிவிட்டது. பெண்கள் கத்திக்கொண்டு மேலே ஓடினார்கள். நானும் கத்தினேன். இவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு செடியைப் பார்த்தபடி அந்தப் பக்கமாகவே நடந்து போகிறார். ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும், கூடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மாடு நின்று பார்த்துவிட்டு அதன் போக்கில் காட்டுக்குள் போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "மெஷினைப் போட்டுட்டு மலைக்குப் போங்க, இல்லாட்டித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வீட்டுல கெடங்க. ரெண்டுல ஒண்ணு." உரக்கச் சொன்னதால் தெருவே கேட்டிருக்கும். மறுநாள் காலையில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற பிள்ளை முகம்.

திருப்பம் அந்த ஜீப்பில் வந்தது.

எங்கள் ஜீப் டிரைவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் போடுவது பாட்டே இல்லை, வேகமாகப் பேசுவது. பின்னால் பம்பம் என்று அடி. கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் பிரட்டும்போது அதுவும் சேர்ந்தால் எனக்கு உயிர் போகும். அன்றைக்கும் போட்டார். நான் வழக்கம்போல, "அதை அமத்துங்க தம்பி" என்றேன்.

"இரு" என்றார் இவர். தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தார். போடிமெட்டு வரும்வரை அப்படியே வந்தார். இறங்கும்போது, "நல்லாருக்கே" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். "இங்க பாரு, பழைய பாட்டு எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். அதனால இந்த மெஷின்ல அது தப்பாக் கேக்குது. இந்தப் பாட்டு எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாது. கேக்குறதுதான் பாட்டு. அதுல ஒரு தப்பும் இல்ல."

சோற்றை வாயில் வைத்தபடி அவரைப் பார்த்தேன். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றும் எனக்கு இப்படி ஒரு கணக்குப் போடத் தோன்றியிருக்காது. இழந்ததை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன், தனக்கு எதுவுமே தெரியாத ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே போனால் இழக்க ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டுவிட்டார். அதையும் வளைவில் ஆடிக்கொண்டே கண்டுகொண்டார்.

அதன்பிறகு இவர் தேடிய தேடலைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜீப் டிரைவரிடம் கேட்டுக் கேட்டுப் போனில் ஏற்றிக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பூப்பாறையில் கடைக்காரர் ஒருவர் சொன்னார் என்று புதிய மலையாளப் பாட்டுகள். மகள் கோயம்புத்தூரிலிருந்து ஏதோ அனுப்பினாள். பாட்டே இல்லாமல் வெறும் கிடார் மட்டும், எந்த நாட்டுக்காரர் வாசித்தாரோ. எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்ல அதை மூன்று தடவை கேட்டிருக்க வேண்டும். முதல் தடவை காது எதிர்க்கும், ரெண்டாவது தடவை சும்மா இருக்கும், மூணாவது தடவைதான் கேட்கும் என்பார். எனக்கோ பிடிக்கவில்லை என்று சொல்ல முதல் வரி போதும்.

எல்லாமும் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று தடவை கேட்டுவிட்டு, "இது வேணாம், இவன் ஒண்ணும் சொல்லல, சும்மா கத்துறான்" என்று தள்ளியதும் உண்டு. அதுதான் எனக்கு ஆச்சரியம். இந்த வயதில் புதுசை விரும்புகிறேன் என்று காட்டிக்கொள்ள எதை வேண்டுமானாலும் தலையாட்டிக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி இல்லை. ஒரு பாட்டை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் காயைத் தரம் பிரிக்கிற அதே கவனம். பேச்சுப் பாட்டில் அடி எங்கே விழுகிறது, எங்கே வேண்டுமென்றே விழாமல் போகிறது என்று எனக்குச் சொல்லிக்காட்டுவார். பாத்திரம் கழுவும்போது கரண்டியால் தட்டியும் காட்டுவார். ஒரு நாள் தெரியாத்தனமாக நானும் தலையாட்டிவிட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்தாலும் கேட்காத அளவுக்கு நல்லவர்.

ராசிங்காபுரத்தில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மைக்செட்டுக்காரர் எங்கள் காலத்துப் பாட்டாகவே போட்டுக்கொண்டிருந்தார். இவர் எழுந்துபோய் வேறு ஏதோ போடச் சொல்லிவிட்டு வந்தார். பந்தல் அதிர்ந்தது. என் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன மச்சான், இந்த வயசுல போயி இதெல்லாம்?"

"மாப்ளே, ஒனக்கு நாப்பத்தஞ்சு வயசுலயே காது மூடிருச்சு. எனக்கு அறுபத்தெட்டுல தெறந்திருக்கு. விடு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், யாருக்கும் பின்தங்காமல். நான் அதைத்தான் கவனித்தேன். பந்தியில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசும்போதும் இவர் குறுக்கே பதில் சொன்னார். மெஷின் காதிலேயே இருந்தது. காலையில் எழுந்ததும் அவரே எடுத்து மாட்டிக்கொள்கிற பழக்கம் வந்திருந்தது. தேனிப் பெண்ணுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம்.

எனக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. சாயங்காலம் என் பாட்டுகளை நான் போட்டால், இவர் சண்டை போடாமல் மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எனக்காக உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அதனால் நானே போடுவதைக் குறைத்துக்கொண்டேன். கூடப் பாட ஆள் இல்லாமல் என்ன பாட்டு. வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனுஷன் திரும்பி வந்துவிட்டார். அதற்கு முன்னால் இது பெரிய விலை இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுபடி ஆடியில் காய் எடுப்பு தொடங்கியது. ஜார்க்கண்ட் பெண்கள் வேலை செய்யும்போது சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மரத்தில் தொங்கவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். மிருகம் எதுவும் கிட்டே வராமல் இருக்கவும் அது உதவும். பெண்கள் ஒரு வரி பாடுவார்கள், ஆண்கள் அதையே திருப்புவார்கள், அடியில் மத்தளம் மாதிரி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டே இருக்கும். வருஷக்கணக்காக அது தோட்டத்தில் ஒலித்தது. நாங்கள் இருவருமே அதைக் காதில் வாங்கியதில்லை. இப்போது இவர் செடி பார்ப்பதை விட்டுவிட்டு அந்த மரத்தடியில் நின்றுவிட்டார்.

அவருக்கு அது பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அந்த மத்தளத்தின் கனம் அவர் மெஷினில் அப்படியே முழுசாகக் கேட்கிறதாம். மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் உட்காருவார். காட்டுமாட்டிடமிருந்து இழுத்து வந்தாளே, அவள்தான் விளக்கம் சொல்வாள். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். இவரை "அப்பா" என்பாள், என்னை "சேச்சி", அதாவது அக்கா, என்பாள். அந்த வித்தியாசத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"இந்தப் பாட்டுக்கு என்னம்மா அர்த்தம்?"

"மழை வந்நு அப்பா. மாடு வீட்டுக்கு வரலை."

"அப்புறம்?"

"அத்ர தான், வேற இல்லை. அதே பாடும்."

இவர் சோற்றுக் கையைத் தொடையில் தட்டிச் சிரித்தார். "மழை வந்துருச்சு, மாடு வரலை. இதுக்கு மேல என்ன வேணும்? எவ்வளவு பயம் இருக்கு பாரு இதுல!" என்று என்னைப் பார்த்தார். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர்கள் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இத்தனை வேகமாக ஒரு பாட்டுக்குள் போய் உட்கார்ந்தவரைக் கண்டதில்லை. அவர்கள் மொழியில் ஒரு வரியைக் கற்றுக்கொண்டு பாடியும் பார்த்தார். ஏதோ தப்பு. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவர் கூச்சப்படாமல் திரும்பக் கேட்டுத் திரும்பப் பாடினார். அறுபத்தெட்டு வயதில் நாலு பேர் முன்னால் தப்பாகப் பாடத் துணிந்த அந்த மனுஷனைப் பார்த்து எனக்குப் பெருமை பொங்கியது. கட்டிக்கொண்ட காலத்தில்கூட இவர்மேல் எனக்கு இப்படி ஒரு பிரியம் வந்ததாக ஞாபகம் இல்லை.

அந்த முறைக் காய் எடுப்பு முடிகிற நாளில் மழை விட்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். "சேச்சி, எங்க பாட்டு எத்தனை கேட்டாச்சு. நீங்க ஒண்ணு பாடணும்."

எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் வேண்டாம் என்றேன். இவர், "பாடு, நல்லாப் பாடுவா" என்று அவர்களிடம் சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பழைய பாட்டுகள்தான். நாங்கள் இருவரும் பாடிப் பாடித் தேய்ந்த ஒன்றை ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும்போதே அவர் கை காதுக்குப் போகும் என்று எதிர்பார்த்தேன். போனால் பாட்டை நிறுத்தக் கூடாது, முடித்துவிட வேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

கை போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு அவர்கள் பாராட்டு ஏறவில்லை.

ஜீப் நிற்கிற இடத்துக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பாதி வழியில் கேட்டேவிட்டேன். "ஏங்க, பழைய பாட்டுன்னா கழட்டி வச்சிருவீங்களே. இன்னைக்கு ஏன் கழட்டல? அவங்க முன்னாடி எனக்குச் சங்கடமா இருக்கும்னா?"

"இல்ல."

"அப்ப என் பாட்டு மட்டும் கோணலாக் கேக்கலையா?"

நின்றார். செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தார். "சொன்னா வருத்தப்படக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"ஒன் குரலும்தான் மாறிப்போச்சு. மொத நாளே. பாட்டுல வயலினு போன மாதிரியே போச்சு. நீ பேசினா வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. தகரத்துல பேசுற மாதிரி. அதைத் தாங்க முடியாமத்தான் மொத மூணு மாசமும் பெட்டியில போட்டேன். பாட்டுக்காக இல்ல."

அந்த மூன்று மாதமும் நான் கத்திய கத்தலெல்லாம் நினைவுக்கு வந்தது.

"பாட்டு பிடிக்கலைன்னா வேற பாட்டு போட்டுக்கலாம். நீ அப்படியா?" என்றார். "அன்னைக்கு ஜீப்புல அந்தப் பையன் பாட்டு நல்லாருந்துச்சுல்ல, அப்பத்தான் தோணுச்சு. பழைய குரலைத் தேடுனாத்தான இது தப்பாத் தெரியுது. இது யாரோ புதுசா ஒரு பொம்பளைன்னு வச்சுக்கிட்டுக் கேட்டுப் பாப்போம்னு. பாட்டையெல்லாம் வச்சுப் பழகிக்கிட்டேன். எது காதுக்கு எதிரா இருந்தாலும் விடாமக் கேட்டா ஒருநாள் பிடிக்கும்னு எனக்கே நம்பிக்கை வரணும்ல?"

நான் கோபத்தைத்தான் எடுத்தேன், எனக்குக் கைவந்தது அதுதான். "அப்ப இத்தனை மாசமா எவளோ ஒருத்தியோடயா குடும்பம் நடத்துனீங்க?"

"ஆமா" என்றார். "நல்லவளாத்தான் இருக்கா. வாய்தான் கொஞ்சம் நீளம். அவ பாடி இன்னைக்குத்தான் மொத தடவை கேட்டேன். பிடிச்சிருக்கு."

ஜீப் வந்துவிட்டது. ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போடிமெட்டுச் சோதனைச் சாவடி தாண்டியது, முதல் கொண்டை ஊசி திரும்பியது, கீழே போடி தெரிந்தது. எதைப் பேசினாலும் அது இந்த மனுஷன் காதில் எப்படிப் போய் விழுமோ என்று முதல் தடவையாக யோசித்துக்கொண்டு, முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் டிரைவரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னார். என் பக்கம் சாய்ந்தார்.

"ஏதாவது பேசு" என்றார். "இன்னும் பழகணும்ல."